முடிவையும் சேர்த்துக் கொடுத்தல்: திறமூல மென்பொருளும் களைத்த தன்னார்வலர்களும்



கணினியைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்தால் இந்நாளில் அவன் செயற்கை நுண்ணறிவைத்தான் பேசுவான் என்று அவை எதிர்பார்க்கும். அதைப் பேச ஆட்கள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டது பளபளப்பு இல்லாத பொருள். கூலி வாங்காமல் மென்பொருளைக் கட்டிக்காக்கும் மனிதர்கள் ஏன் இப்படிக் களைத்துப்போகிறார்கள், தம் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் அவர்களால் கொடுக்க முடிவதில்லை, கொடுக்க முடிந்தவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க விரும்புகிறேன். சங்கம், நூலகம், கோயில் திருப்பணி என்று ஏதாவதொரு பொதுக்காரியத்தில் கைவைத்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம் என்ற உரிமத்தோடு வெளிவருவது திறமூல மென்பொருள். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் பையிலும் லினக்ஸ் கெர்னல் என்ற இயங்குதளக் கரு இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த உலகத்தைப் பற்றி ஓர் இனிய கற்பனை உண்டு: ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு கை கொடுக்கிறார்கள், ஆகவே யாருக்கும் பாரம் இல்லை. நடப்பது நேர்மாறு. நிரல் எழுதி அனுப்புவது ஒரு வேலை. வந்து சேர்ந்ததைப் படித்து, சோதித்து, இதை ஏற்கிறேன், இதை மறுக்கிறேன், இதை இப்படி மாற்றிக்கொண்டு வா என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைப் பார்ப்பவரைப் பராமரிப்பாளர் என்கிறோம். எழுதி அனுப்புகிறவர்கள் நூறு பேர் ஆயிரம் பேர் ஆகலாம். படித்துப் பார்க்கிறவர் அதே ஒருவர்தான். உதவிக்கு ஆள் கூடக் கூட அவருக்கு வேலையும் கூடுகிறது.

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணிக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லிவிட்டார். தாமதமாகிக்கொண்டிருக்கும் மென்பொருள் பணியில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்றார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும் என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி. வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கணினியைத் திறக்கும் தன்னார்வலரிடம் சொல்லிக்கொடுக்க ஏது நேரம்? ஒப்படைப்பது சுமையைக் குறைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குறைக்கும், ஆனால் முதல் சில மாதங்கள் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். அந்தச் சில மாதங்களைத் தாங்கத் தெம்பு இருப்பவரால் மட்டுமே ஒப்படைக்க முடிகிறது. இன்றைய பேச்சில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகும் இடம் இதுதான்.

லினக்ஸிலிருந்து தொடங்குகிறேன். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது அது. 1998 வாக்கில் அவர் அமெரிக்காவில் டிரான்ஸ்மெட்டா என்ற சில்லு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே கெர்னலையும் கவனித்துக்கொண்டிருந்தார். திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்து குவியும். மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி எதையும் அவர் கையாளவில்லை. படிப்பார், பிடித்தால் சேர்ப்பார். பிடிக்காவிட்டாலும் பதில் வராது, கண்ணில் படாவிட்டாலும் பதில் வராது. எது நடந்தது என்று அனுப்பியவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் இது வெடித்தது. திருத்தங்கள் தொலைந்துபோகின்றன என்று பலர் கத்த, லினஸும் கோபித்துக்கொண்டு சிறிது காலம் விலகி நின்றார். வளர்ந்துவிட்ட திட்டத்துக்கு லினஸ் என்ற தனிமனிதரால் இனி ஈடுகொடுக்க முடியாது என்ற பேச்சு அப்போதுதான் வெளிப்படையாக எழுந்தது.

பேச்சு எழுந்ததே தவிர வழக்கம் மாறவில்லை. 2002 ஜனவரியில் மறுபடி அதே புகார். இம்முறை ஒரு யோசனையும் கூடவே வந்தது: சிறுசிறு திருத்தங்களைச் சேகரித்து, சீர்பார்த்து, லினஸிடம் கொண்டுபோய்க் கொடுக்கத் தனியாக ஒருவரை நியமிக்கலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. லினஸ் மறுத்துவிட்டார். தான் நேரடியாக நம்பி வாங்கிக்கொள்வது பத்திருபது பேரிடம் மட்டுமே, அவர்கள் தத்தமக்கு நம்பகமானவர்களிடம் வாங்கிக்கொள்ளட்டும், திருத்தம் அனுப்புகிறவர்கள் அந்த வழியாக வரட்டும் என்பது அவர் வாதம். பிடிவாதம் என்று அப்போது பலருக்குத் தோன்றியது. எனக்கு அவர் பக்கம் சரி என்றே படுகிறது. வாசலில் உதவியாளர் ஒருவரை உட்காரவைத்தால் வரிசை வாசலுக்கு இடம்மாறும், குறையாது. உதவியாளருக்குத் தீர்மானிக்கும் உரிமையும் கிடையாது. லினஸ் எதை ஏற்பார் என்று ஊகிப்பதே அவர் வேலையாகிவிடும்.

அடுத்த மாதமே லினஸ் பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாறினார். வலைப்பின்னல் பகுதியைப் பார்ப்பவர் ஒரு கட்டாகச் சேர்த்துவைத்ததை லினஸ் ஒரே கட்டாக இழுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் மறுபடி படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கருவி வேகத்தைக் கொடுத்தது. ஆனால் படிக்காமல் இழுத்துக்கொள்ளும் துணிவு கருவியிலிருந்து வருவதில்லை. எதிரில் இருப்பவரின் தீர்ப்பை ஏற்கிற மனத்திலிருந்து வருகிறது. இன்று ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் பட்டியல் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. லினஸ் தாமே வரிவரியாகப் படிப்பது இதில் மிகச் சிறு பகுதி.

இதற்கு நேர்மாறாக, கல்யாண வீட்டு உக்கிராண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க ஆள், பரிமாற ஆள், இலை எடுக்க ஆள் என்று உறவு முழுவதும் ஓடியாடும். ஆனால் சாவிக்கொத்து பெரியம்மாவின் இடுப்பில். அரைக்கிலோ சர்க்கரை வேண்டுமென்றாலும் அவரைத் தேடித்தான் போகவேண்டும். உதவ வந்தவர்கள் கூடக் கூட அவரைத் தேடி வருபவர்கள் கூடுவார்கள். மாலையில் அவர், எல்லாவற்றையும் நானே பார்க்கவேண்டியிருக்கிறது, ஒருவரும் பொறுப்பெடுப்பதில்லை என்று அலுத்துக்கொள்வார். அலுப்பு பொய்யில்லை. சாவி மட்டும் கைமாறவே இல்லை.

சாவி கைமாறியதற்கு நல்ல எடுத்துக்காட்டும் லினஸிடமே இருக்கிறது. 2005 ஏப்ரலில் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை போனது. லினஸ் உட்கார்ந்து சில நாட்களில் கிட் என்ற கருவியை எழுதினார்; ஜூன் மாதம் கெர்னலின் புதிய பதிப்பே கிட்டைக்கொண்டு வெளியானது. ஜூலை 26ஆம் தேதி கிட்டின் முழுப் பொறுப்பையும் ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கருவியைத்தான் தொடுகிறார்கள், அதை இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் ஹமானோ. கிட்டின் 1.0 பதிப்பை அந்த டிசம்பரில் வெளியிட்டவரும் அவர்தான்.

இதில் கவனிக்கவேண்டியது காலம். லினஸ் கிட்டைக் களைத்துப்போய்க் கொடுக்கவில்லை. அது ஓடத் தொடங்கி, ஆர்வம் உச்சத்தில் இருந்தபோது கொடுத்தார். அந்த நான்கு மாதமும் யார் என்ன அனுப்புகிறார்கள், யாருடைய நிரல் நேர்த்தியாக இருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கண் திறந்திருந்தது. தேர்ந்தெடுக்க அவகாசம் இருந்தது.

ஒருவர் சாதுரியத்தை நம்பாமல் இதையே விதியாக எழுதிவைத்துக்கொண்ட திட்டமும் இருக்கிறது. டெபியன் என்ற இயங்குதளம், 1993இல் ஐயன் மர்டாக் தொடங்கியது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன. இதைத் தாங்குபவர்கள் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்களும் அவர்களைச் சுற்றியுள்ள பங்களிப்பாளர்களும். டெபியனுக்கு ஓர் அரசமைப்பு உண்டு, 1998 டிசம்பரில் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் தம் அதிகாரத்தின் பகுதிகளைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கலாம். அதற்கு அரசமைப்பு போடும் நிபந்தனையை நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். பிரதிநிதியைத் தலைவர் நீக்கலாம். ஆனால் பிரதிநிதி எடுத்துவிட்ட முடிவைத் தலைவர் மாற்ற முடியாது. இன்ன முடிவு எடுத்தால்தான் பதவி என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தவும் முடியாது.

எவ்வளவு மனிதத்தனமான சட்டம் பாருங்கள். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து, நீ செய்தது சரியில்லை, தள்ளு நானே பார்க்கிறேன் என்று சொல்வதைப்போல் ஒரு தன்னார்வலரை விரட்டும் செயல் வேறில்லை. சம்பளக்காரர் முணுமுணுத்துக்கொண்டாவது இருப்பார். தன்னார்வலர் எழுந்து போய்விடுவார். சண்டைகூடப் போடமாட்டார், மின்னஞ்சலுக்குப் பதில் வராது, அவ்வளவுதான். பிறகு, ஆளே கிடைக்கவில்லை என்பார்கள்.

டெபியனில் எனக்குப் பிடித்த இன்னொன்று, முடியவில்லை என்று சொல்வதற்கு அவர்கள் போட்டுவைத்திருக்கும் படிக்கட்டு. ஒரு பொதியைப் பார்த்துக்கொள்பவர் வழுப் பதிவேட்டிலேயே மூன்று விதமாக அறிவிக்கலாம். உதவி தேவை என்பது முதல் படி. பொறுப்பு என்னுடையதே, கை கொடுங்கள். அடுத்தது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்கும்வரை நான் பார்க்கிறேன். கடைசி, விட்டுவிட்டேன், இது இப்போது அநாதை. மூன்றுமே அன்றாட நடைமுறை. யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை, காரணம் விளக்கவேண்டியதில்லை. ஒருவர் சொல்லாமலே மறைந்துவிட்டால் விசாரித்துப் பார்க்கத் தனிக் குழு இருக்கிறது. உரியவர் கவனிக்காத வழுவை மற்றோர் உறுப்பினர் திருத்திப் பதிவேற்றவும் முறை உண்டு. அவசரமில்லை என்றால் அதைச் சில நாள் காத்திருப்பு வரிசையில் போடுவார்கள். உரியவர் அதற்குள் விழித்துக்கொண்டால் நிறுத்தலாம். என் பொதியை என்னைக் கேட்காமலே திருத்திக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் டெபியன் களைப்பிலிருந்து தப்பிவிடவில்லை. 2019 தலைவர் தேர்தலில் வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூடப் போட்டிக்கு வரவில்லை. ஒரு வாரம் நீட்டித்தார்கள். பிறகு சிலர் முன்வந்தார்கள், சாம் ஹார்ட்மன் வென்றார். அரசமைப்பு எழுதிவைக்கலாம். நாற்காலியில் உட்காரும் ஆசையை எழுதிவைக்க முடியாதே.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருகிறேன். ஒப்படை, ஒப்படை என்கிறாயே, ஒப்படைத்ததால் நேர்ந்த விபரீதம் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான்.

2024 மார்ச் 29ஆம் தேதி. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைப் பார்த்துத் துருவப்போய், எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள் கள்ளச்சாவி ஒன்று செருகப்பட்டிருப்பதை வெளியிட்டார். 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் அது இருந்தது. சோதனைக்கென்று வைக்கப்படும் கோப்புகளுக்குள் ஒளித்திருந்தார்கள். அது பரவியிருந்தால் உலகின் எண்ணற்ற சேவையகங்களுக்குள் ஒருவர் ஓசையில்லாமல் நுழைந்திருக்கலாம். டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைக்கட்டப் பதிப்புகள்வரை வந்துவிட்டது. நிலைத்த பதிப்புகளை எட்டுமுன் பிடிபட்டது அந்த ஒரு மனிதரின் நச்சரிக்கும் குணத்தால்.

செருகியவர் ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை வெளிப்படவில்லை. 2021இலிருந்து அவர் எக்ஸ்-இசட்டுக்கு நல்ல, பயனுள்ள திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கருவியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவர் ஃபின்லாந்துக்காரர் ஒருவர், கிட்டத்தட்டத் தனியாள். 2022இல் முன்பின் அறியாத சில பெயர்கள் முளைத்து அவரை நெருக்கத் தொடங்கின. ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடு என்று. தம் மனநலச் சிரமத்தையும், இது சம்பளமில்லாமல் செய்யும் வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்குதல் நிற்கவில்லை. உதவத் தயாராகப் பக்கத்தில் இருந்தவர் ஜியா டான் ஒருவர்தான். 2023 வாக்கில் பதிப்பு வெளியிடும் உரிமையே அவர் கைக்குப் போயிருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, யாரையும் நம்பாதே என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அதில் வேறொன்றைப் படிக்கிறேன். அந்த மனிதர் ஒப்படைத்தது தப்பில்லை. ஒப்படைக்கும் நேரத்தில் அவருக்குத் தேர்ந்தெடுக்கச் சக்தி மிச்சம் இல்லை. வந்து நின்ற ஒருவரை ஏற்பதா, கைவிடுவதா என்ற நிலைக்கு அவரைத் தள்ளியிருந்தார்கள். சதி செய்தவர்கள் கணினியைவிட மனிதரை நன்றாகப் படித்திருந்தார்கள். களைத்தவனிடம் மேலும் குறை சொல், பிறகு நல்லவனாக வந்து தோள்கொடு. மற்றொன்று: ஜியா டான் செய்ததைப் படித்துப் பார்க்க மூன்றாவது கண் அங்கே இல்லை. லினக்ஸில் கீழே உள்ளவர் ஏற்றதை மேலே உள்ளவர் இழுக்கும்போது அது பலர் முன்னிலையில் நடக்கிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் யார் யார் கைவழியாக வந்தது என்று பெயர் பதிவாகிறது. இருவர் மட்டும் உள்ள திட்டத்தில் ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் அரசர்.

2018இலும் இதுபோல் ஒன்று நடந்தது. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை, அதை எழுதியவரே பயன்படுத்துவதை விட்டு நாளாகியிருந்தது. கேட்டு வந்த அறிமுகமில்லாதவரிடம் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே புகுத்தினார். உலகமே எழுதியவரைத் திட்டியது. லட்சக்கணக்கில் இலவசமாக இறக்கிக்கொண்ட எத்தனை பேர், நீங்கள் இதை இன்னும் பார்த்துக்கொள்கிறீர்களா என்று அதற்குமுன் அவரைக் கேட்டிருப்பார்கள்?

பைத்தான் மொழியின் கதையை விரிவாகச் சொல்ல நேரமில்லை. அதை உருவாக்கிய கீடோ வான் ராசம், ஆயுட்காலக் கருணைச் சர்வாதிகாரி என்ற பாதி விளையாட்டுப் பட்டத்தோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் இறுதித் தீர்ப்பு சொன்னவர். 2018 ஜூலையில் := என்ற சிறு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சச்சரவு ஓய்ந்த கையோடு, போதும் என்று விலகினார். வாரிசு யாரையும் நியமிக்கவில்லை, நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள் என்றார். எப்படி ஆள்வது என்று தீர்மானிக்கவே டிசம்பர்வரை ஆனது. ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்று வாக்கெடுத்து முடிவுசெய்தார்கள். 2019 தொடக்கத்தில் முதல் குழு அமைந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. நல்ல ஏற்பாடு. பத்தாண்டு முன்பே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமே என்று ஒரு நண்பர் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டபோது உலகம் அதைத்தான் கேட்டது. இணைய வணிகத்தின் பூட்டே அந்த மென்பொருள். அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். ஓட்டை நுழைந்தது 2011 கடைசி நாளில். எழுதி அனுப்பியவர் ஒருவர், படித்துச் சேர்த்தவர் ஒருவர், இருவர் கண்ணுக்கும் தப்பியது. செய்தி வெடித்த அதே மாதம் பெருநிறுவனங்கள் சேர்ந்து நிதி ஒதுக்கின, குழு விரிந்தது, நிலைமை உண்மையிலேயே மேம்பட்டது. ஆகவே பணம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கெர்னலைப் பாருங்கள். அங்கே எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நிறுவனச் சம்பளக்காரர்கள், இருந்தும் பராமரிப்பாளர்கள் களைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். தன் சாதனத்துக்கு வேண்டிய நிரலை எழுத நிறுவனம் சம்பளம் தரும். அடுத்தவர் அனுப்பியதைப் படிக்க மனமுவந்து தருவது அபூர்வம்.

சரி, ஒப்படைக்க ஆளே இல்லாத வேலையை என்ன செய்வது? நிறுத்திவிடலாம். இதைச் சொல்லத் தயங்குகிறோம், பொதுக்காரியத்தை நிறுத்துவது பாவம்போல. கெர்னல்காரர்கள் அதையும் செய்து காட்டியிருக்கிறார்கள். நெடுங்கால ஆதரவுப் பதிப்பு என்று சிலவற்றைத் தேர்ந்து, புதிதாகக் கண்டுபிடிக்கும் வழுக்களுக்கான திருத்தங்களை ஆறு ஆண்டுகள்வரை பழைய பதிப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவந்தார்கள். செய்பவர்களில் முதன்மையானவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். 2018இல் லினஸ் தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்துச் சில வாரம் ஒதுங்கியபோது, 4.19 பதிப்பை வெளியிட்டவரும் அவர்தான். அதையும் 2024 டிசம்பர்வரை சுமந்தார்கள். 2023 செப்டம்பரில் பில்பாவோவில் நடந்த மாநாட்டில், இனி நெடுங்காலம் என்றால் இரண்டு ஆண்டுதான் என்று அறிவிக்கப்பட்டது. பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் குறைவு, செய்ய ஆள் குறைவு, இருப்பவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்பவை காரணங்கள்.

அதற்கு முன்பே கிரெக் ஒரு பேரம் பேசிப் பார்த்திருந்தார். 2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்புக்கு முதலில் இரண்டு ஆண்டு என்றே தேதி போட்டார். ஆறு ஆண்டு வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. உங்களில் யார் இதை உண்மையில் பயன்படுத்தப் போகிறீர்கள், ஒவ்வொரு திருத்த வெளியீட்டையும் யார் சோதித்து முடிவைச் சொல்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நிறுவனங்கள் முன்வந்து பதில் சொன்ன பிறகே அந்தத் தேதி 2026 டிசம்பருக்கு மாறியது.